நான் துடைத்த இரைச்சல்

நீ இதைப் படிக்க மாட்டாய். உன் போன் படித்துக் காட்டும், நீ கேட்பாய். தில்லியில் பிறந்து தில்லிப் பள்ளியில் படித்த பிள்ளை நீ. தமிழை எழுத்துக் கூட்டிப் படித்து ஒரு பக்கம் முடிப்பதற்குள் உனக்குப் பொறுமை போய்விடும். இங்கிலீஷில் எழுதியிருக்கலாம். ஆனால் நான் இங்கிலீஷில் எதை எழுதினாலும் அது ஆபீஸ் நோட்டு மாதிரி ஆகிவிடுகிறது. ‘மேற்படி விஷயத்தில்’ என்று மகனிடம் பேச்சை ஆரம்பிக்க எனக்கு விருப்பமில்லை. இங்கே தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் கோயில், யாத்திரை என்று எழுதுவார்கள். நான் உனக்கு எழுதுகிறேன், ஊரும் படித்துக்கொள்ளட்டும். நீ தில்லி முனிர்காவில் இருந்த உன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு இமாச்சல மலைப் பக்கம் போய் ஒரு வாரம் ஆகிறது. நீ போன பிறகுதான் உன் புது ஆல்பத்தை நான் முழுவதும் கேட்டேன். அதற்கு எனக்கு ஏன் ஒரு குளிர்காலம் தேவைப்பட்டது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் செய்வது பிளாக் மெட்டல் என்கிற சங்கீதம். அதிலும் ‘அட்மாஸ்ஃபெரிக்’ என்று ஒரு கிளை. கிடார் மழை மாதிரி விடாமல் கொட்டும். டிரம்ஸ் அதற்குப் பின்னால் ஓடும். தூரத்தில் எங்கோ ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான், ஒரு வார்த்தை புரியாது. கத்துவது, கிடார் வாசிப்பது, டிரம்ஸ் அமைப்பது, பதிவு செய்வது, அட்டைப்படம் போடுவது எல்லாம் இவன் ஒருவனே. வருஷத்துக்கு மூன்று ஆல்பம், சில வருஷம் நான்கு. “வெயில் காலத்துல வத்தல் போடுத மாதிரி போட்டுத் தள்ளுதான்” என்பாள் உன் அம்மா. முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு நீ எடுத்த படம் எப்படியோ திருநெல்வேலி வரை போய்ச் சேர்ந்தது. உன் மாமா போன் போட்டு, “மருமவன் சாமி ஆட ஆரம்பிச்சிட்டானாமே, எந்தச் சாமி, சுடலையா?” என்று பயபக்தியோடு கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

உன் முனிர்கா அறையை நான் சொல்லாமல் விட முடியாது. மூன்றாவது மாடி. சுவர் முழுக்க ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தாய், சத்தம் வெளியே போகாமலிருக்க. ஜூன் மாதத்தில் தில்லியில் குளிர்காலத்து ரஜாய்க்கு நடுவே, மின்விசிறிச் சத்தம் பதிவாகிவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டு, பனிக்காட்டைப் பற்றி ஆல்பம் செய்தவன் நீ. அதுவரை பனி விழுந்து நீ பார்த்ததே இல்லை. நான் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போய்விட்டு, உனக்கும் கொஞ்சம் அரிசி மாவு எடுத்துக்கொண்டு ஒருநாள் வந்தேன். கதவைத் திறந்த நீ குளித்து எழுந்தவன் மாதிரி வியர்த்திருந்தாய். “டூ மினிட்ஸ்ப்பா, இந்த டேக் முடிச்சுடறேன்” என்றாய். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். உன் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, “பையா டீக் ஹை நா?” என்றாள், தம்பி நன்றாகத்தானே இருக்கிறான் என்று. டீக் ஹை என்றேன். எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது.

எனக்கும் உனக்கும் நடுவே இருந்தது பெரிய பகை ஒன்றுமில்லை. தொழில் தகராறு என்றுதான் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பொறியாளன். என் வேலையே இரைச்சலைத் துடைப்பதுதான். நாடாவின் உஸ்ஸென்ற சத்தம், மின்சாரத்தின் ரீங்காரம், பாடகர் நாற்காலியை நகர்த்துவது, செருமுவது எல்லாம் எனக்கு அழுக்கு. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளி விடுமுறை நாளில் உன்னை அங்கே கூட்டிப் போனேன். புல்லாங்குழல்காரர் ஒருவர் வாசித்துவிட்டுப் போயிருந்தார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அவர் மூச்சு இழுக்கும் சத்தத்தை நான் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “அப்பா, மூச்சு விடலேன்னா அங்கிள் செத்துப் போயிடுவாரே?” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த மூச்சை வெட்டினேன். அப்பன் துடைத்ததையெல்லாம் பிள்ளை பொறுக்கி எடுத்து ஆல்பம் போடுவான் என்று அன்றைக்கு யார் கண்டது.

இதைத் தவிர உன் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாய். பத்தாம் வகுப்பு முடித்த காலத்திலிருந்தே அப்படித்தான் என்று உன் அம்மாவிடம் புலம்பியிருக்கிறேன். கதவைத் தட்டுவேன், கூப்பிடுவேன், உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராது. பிறகு பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல வந்து சாப்பிட உட்காருவாய். போன டிசம்பரில் காய்ச்சல் என்று நம் கித்வாய் நகர் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருந்தாயே, அப்போதும் அதே கதைதான். காய்ச்சலோடு மைக்கையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாய். கஞ்சி ஆறுகிறது என்று நான் கதவைத் தட்டிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். “ஒரு பதில் சொன்னா வாயிலயிருந்து முத்தா உதிந்துரும்?” என்று சமையலறையில் வந்து பொருமினேன். “சொன்னாம்லா?” என்றாள் உன் அம்மா. பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஒருநாள் உன்னிடமிருந்து ஒரு கோப்பு வந்தது, கூடவே ஒரு செய்தி. “அப்பா, புது ஆல்பம். இடது பக்கம் ஒரு ஹம் இருக்கோன்னு டவுட். செக் பண்ணிச் சொல்றீங்களா?” இத்தனை ஆல்பம் போட்டும் உன் சங்கீதத்தைப் பற்றி நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை அன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். உன் அம்மா ஆபீசுக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவள் திரும்பி வரும்போதும் அங்கேயேதான் இருந்தேன். அப்படிச் சில நாள் போயிற்று. நீ கேட்டது ஒரே ஒரு ஹம், மின்சார ரீங்காரம். நானோ உட்கார்ந்தால் முழு வீட்டையும் கழுவிவிட்டுத்தான் எழுந்திருக்கிற ஜாதி. சத்தத்தைப் படமாகக் காட்டும் மென்பொருள் இருக்கிறதே, அதில் மேல் பாகம் முழுக்க ஒரே மண்டியாகக் கிடந்தது. காதுக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணுக்கு அழுக்காகத் தெரிந்தது. துடைத்தேன். கிடார் உடைந்து கேட்டது, வழவழப்பாக்கினேன். உன் குரலை முன்னால் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பாட்டிலும் கடைசி நோட்டு அடங்கியதும் மிச்சத்தை வெட்டினேன். அது யோசித்துச் செய்வதல்ல, கையே செய்துவிடும். ‘குறைகள் நீக்கப்பட்டன’ என்று ஒரு வரியும் போட்டு அனுப்பினேன்.

உன் பதில் மறுநாள் வந்தது. “ஆல்பம் எங்கப்பா?”

“அனுப்பியிருக்கேனே” என்று எழுதினேன். உன்னிடம் உன் பிரதி இருந்தது. நீ செய்தபடியே ஆல்பத்தை வெளியிட்டாய், அதனால் உலகத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. உன் அம்மா உருளைக்கிழங்குப் பொரியலைத் தட்டில் எனக்குத் தள்ளிக்கொண்டே, “அவன் என்ன கேட்டான், இவிய என்ன செஞ்சிருக்காவ” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுத்தமாகச் செய்தது ஒரு குற்றமா என்று எனக்குக் கோபம். நீ கேட்காததைச் செய்தேன் என்பது உறைக்கவே சில நாளாயிற்று.

மூன்றாவது ஞாயிறு நீ வந்தாய். கோபமாக இருப்பாய் என்று நினைத்தேன், இல்லை. சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து மேஜை மேல் வைத்தாய். “அப்பா, ஒரு டோன் போடறேன். எப்போ கேக்கலைன்னு சொல்லுங்க” என்றாய். சுருதி மெல்ல ஏறியது. விளையாட்டாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. “நிறுத்திட்டியா?” என்றேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போது உள்ளேயிருந்து உன் அம்மா கத்தினாள்: “ஏல, அந்தக் கீச்சுச் சத்தத்த நிறுத்து, காதே கிழியுது!” கையில் கரண்டியோடு வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். “ஏங்க, நெசமாவே கேக்கலியா உங்களுக்கு?” என்றாள். நான் போனைக் கையில் எடுத்துக் காதோடு வைத்துப் பார்த்தேன். திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நீ அதை வாங்கி அணைத்தாய். அந்த நேரம் எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மேல் சத்தங்கள் போய்விட்டன, எப்போதோ போயிருக்க வேண்டும், போனது திரும்பாது. மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் என்றார். காது மெஷின் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ என் கைமேல் கை வைத்தாய். நான் கையை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தேன். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இவன் இத்தனை ஆல்பம் போட்டிருக்கிறான், ஒன்றைக்கூட நான் கடைசிவரை கேட்டதில்லை. பாதியில் நிறுத்திவிட்டு ‘நல்லாருக்கு’ என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இந்த ஆல்பத்தையும் துடைப்பதற்காகத் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். இருக்கிற காதும் போவதற்குள் ஒன்றையாவது, நீ செய்தபடியே, முழுசாகக் கேட்டுவிட வேண்டும். நீயும் மார்ச்சில் மலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாய்.

மெஷின் வந்தது. மாட்டிக்கொண்டு உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆல்பத்தைப் போட்டேன். அந்த ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்தது நான். ஜனவரி பனிமூடத்தில் எல்லாம் வெள்ளையாக இருந்தும் எதிர்வீடு தெரியாது, அதற்குத் தமிழில் என்ன என்று முன்பொரு நாள், எதற்கென்று சொல்லாமல் கேட்டாய். எனக்கும் தெரியவில்லை, ‘வெண்ணிருட்டு’ என்று நானே ஒன்றை உண்டாக்கிச் சொன்னேன். கிடார் எழுந்தது. ஆகா, கேட்கிறது என்று நிமிர்ந்தேன். உடனே அது பின்வாங்கிப் பின்வாங்கி ஒரு முணுமுணுப்பாகிவிட்டது. “நல்லா அடங்கிப் போகுதுல்லா” என்று பாராட்டினேன். “எங்கப்பா அடங்குது? இதுதான் பீக்” என்றாய். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நீதான் முதலில் சிரித்தாய். விடாமல் ஒரே சீராக வருகிற சத்தம் எதுவானாலும் அது இரைச்சல் என்று முடிவுகட்டி அமுக்கிவிடுகிறது அந்த மெஷின். பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். நான் காலமெல்லாம் பார்த்த வேலையை இப்போது என் காதுக்குள்ளேயே ஒருவன் உட்கார்ந்து பார்க்கிறான். தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான். அன்றும் பாதியில் நிறுத்தினோம். அடுத்த வாரம் நீ கிளம்பிவிட்டாய். பஸ் நிலையத்தில், “அது பரவால்லப்பா” என்றாய். உனக்குப் பரவாயில்லை என்பது உன் முகத்தில் தெரியவில்லை.

நீ போன மறுநாளே மெட்ரோ பிடித்து மெஷின் கடைக்குப் போனேன். பொருத்துகிற பெண் உன்னைவிடச் சின்னவள். இரைச்சலை அமுக்குவதை நிறுத்து என்றேன். அவளுக்குப் புரியவில்லை. “அங்கிள், சப் லோக் ஷோர் பந்த் கர்வானே ஆதே ஹைன்” என்றாள். எல்லாரும் சத்தத்தை மூடத்தான் வருகிறார்கள், நான் ஒருவன் திறக்க வந்திருக்கிறேன். “பேட்டா, மேரே பேட்டே கா காம் ஹீ ஷோர் ஹை” என்றேன். என் பிள்ளையின் தொழிலே இரைச்சல்தான் என்றதும் அவள் சிரித்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றி, சங்கீதத்துக்கென்று தனியாக ஓர் அமைப்பு வைத்துக் கொடுத்தாள். பட்டனை இரண்டு தடவை அழுத்த வேண்டும். கடையை விட்டு வெளியே வந்து அழுத்தினேன். தில்லி மொத்தமும் தலைக்குள் இறங்கியது. இத்தனை நாள் இந்த ஊர் இவ்வளவு சத்தமாகவா இருந்தது என்று ஓரமாக நின்றுவிட்டேன்.

மறுநாள் உன் அம்மா ஆபீஸ் போனதும் வெண்ணிருட்டைப் போட்டேன். மத்தியானம், ஜன்னல் திறந்திருந்தது. அதை எனக்குப் பிடித்தது என்று சொன்னால் பொய்யாகும். தலை வலித்தது. ஆனால் நான் அழுக்கு என்று துடைத்த மேல் பாகத்தில் என்ன இருந்தது என்று இப்போது தெரிந்தது. கிடாரின் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. அதைத் துடைத்தால் மூடம் விலகிவிடும், விலகினால் வெறும் தெருதான் மிச்சம். நீ அங்கே நிற்கிறாய், தெரியாமல் நிற்க வேண்டும் என்றே நிற்கிறாய். இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. தொழில்காரன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன், இடது பக்கம் ஹம் ஒன்றும் இல்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. நிறுத்தக் கையை நீட்டினேன். ஆனால் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் எப்போதும் வெட்டுகிற இடம். அறைச் சத்தம் கேட்டது. டியூப்லைட் ரீங்காரம், கீழே யாரோ தண்ணீர் மோட்டார் போடுவது, உள்ளே உன் அம்மாவின் குக்கர். நம் வீடு. பிறகு கதவு தட்டும் சத்தம், நான். “ஏல, கஞ்சி ஆறுது. குடிச்சிட்டு வந்து கத்து.”

அதற்குப் பிறகு, மைக்குக்குப் பக்கத்தில், மெதுவாக, காய்ச்சல் தொண்டையில், “வர்றேம்ப்பா.”

அவ்வளவுதான் ஆல்பம். அத்தனை கத்தலில் புரிகிற வார்த்தை அது ஒன்றுதான். ஜனவரியில் நீ அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன், அதிலும் அந்தப் பதில் இருந்தது. நான் துடைத்துத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். உன் அம்மா வந்ததும் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். “அன்னைக்கே சொன்னேம்லா” என்றாள். “எப்பவும் சொல்லத்தான் செய்வான். நீங்கதான் கேக்காம ஏசுவிய.” இத்தனை வருஷமும் நீ பதில் சொல்லியிருக்கிறாய்.

கடிதம் என்றால் புத்தி சொல்லி முடிக்க வேண்டும். மலையில் குழாய்த் தண்ணீர் உறையும், இரவே பிடித்து வை. எல்லா வேலையையும் ஒருவனே செய்யாதே, வெளியிடுவதற்கு முன் யாராவது ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல். என்னிடம் வேண்டுமானால் கொடு, துடைக்க மாட்டேன். பனி விழும்போது அதை நின்று பார், உடனே ஆல்பம் போட ஓடாதே. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு நான் போன் பண்ணுவேன். நீ கத்திப் பேச வேண்டாம். எப்போதும்போல மெதுவாகவே சொல், பட்டனை இரண்டு தடவை அழுத்தி வைத்திருப்பேன்.